விதை மேசை

அந்தப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டும் அறையை நினைத்தாலே எனக்கு இன்னும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. அறை சுத்தமாகத்தான் இருக்கும். காலையிலும் மாலையிலும் துடைத்து, பழ வாசனை அடிக்கும் ஏதோ மருந்தைத் தெளித்துவிட்டுப் போவார்கள். கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதை வேண்டுமென்றே தாழ்வாக வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். பேச வேண்டுமென்றால் பெற்றோர் குனிந்தாக வேண்டும். குனிந்தால், உள்ளே எதிர்ச் சுவரில் வரைந்திருக்கும் பெரிய மரம் கண்ணில் படும். இலைக்கு ஒரு குழந்தை முகம், எல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தபடியே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் பர்ஸைத் திறப்பார்கள். நானும் திறந்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பள்ளியில் அவளுக்கு வாய்தா என்று பெயர். யாராவது வந்து, "இந்த வாரம் முடியாதும்மா, சம்பளம் வந்ததும் கட்டிடறேன்" என்று இழுத்தால், மேலிடத்தில் சொல்லாமல் நாலு நாள் தள்ளிக் கொடுப்பாள். ஆபீஸ்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர் அது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். "பட்டம் குடுக்கற அளவுக்கு நான் ஒண்ணும் படிக்கலை, இதுவாவது கிடைச்சுதே" என்பாள்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவளுடையது. பிழைப்புக்காக நாடு விட்டு நாடு வந்த எங்களுக்கு, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் அடுத்த நாள் யாரோ கதவைத் தட்டி ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம் எப்போதும் உண்டு. அந்தப் பயத்தில் எந்தக் கடிதம் வந்தாலும், நானே படித்தால்கூட நம்பாமல், தூக்கிக்கொண்டு கீழே ஓடுவேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது தண்ணிக் குழாய் ரிப்பேருக்கு ரெண்டு மணி நேரம் தண்ணி வராதுன்னு சொல்றான். நீங்க பெட்டி கட்ட வேணாம்" என்பாள்.

வேலைக்குப் போன நாள் முதல் கண்ணாடிக்குப் பின்னால்தான் அவள் வாழ்க்கை. கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, முதலில் ஒரு பெட்ரோல் பங்கில் கல்லா. பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து பில் போடும் இடம். பிறகு இந்தப் பள்ளிக்கூடம். "என் முகத்தை முழுசாப் பார்த்தவங்க கம்மிக்கா. ஜனங்களுக்கு என் கையும் வாயும்தான் தெரியும்." அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிப்டில் அவள் மாட்டிக்கொண்டபோது திறந்துவிட வந்தவர். "மாட்டிக்கிட்டேன், திறந்துவிட்டாரு, அப்புறம் மொத்தமா மாட்டிக்கிட்டேன்" என்று அவர் எதிரிலேயே சொல்வாள். அவர் ஸ்பானரைத் துடைத்தபடி, "லிப்டுக்காவது வருஷம் ஒரு தடவை சர்வீஸ் உண்டு" என்பார்.

ஒரே பெண். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். வாயை மூடாது. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கும். ஷாம்பு பாட்டில், மாடிப்படியில் ஒட்டியிருக்கும் தீ விபத்து அறிவிப்பு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்து விதிமுறைகள் எல்லாம் அதற்கு ஒன்றுதான். பஸ்ஸில் அது படிக்க ஆரம்பித்தால் நடத்துனரே, "அட, இப்படியெல்லாமா இதுல போட்டிருக்கு?" என்று எட்டிப் பார்ப்பார்.

இனி அந்தப் பள்ளியின் முறையைச் சொல்ல வேண்டும். மதிப்பெண் போட்டால் பிஞ்சு மனம் காயப்படுமாம். அதனால் மதிப்பெண் கிடையாது. விதை, முளை, செடி, மரம் என்று நாலு படி. வகுப்பில் உட்காருவதும் அதன்படிதான். மரங்களின் மேசை ஜன்னலோரம். விதைகளின் மேசை கழிவறைக் கதவோரம். யார் மட்டம் என்பதைப் பிஞ்சு மனங்கள் முதல் நாளே மூக்கால் தெரிந்துகொண்டுவிடும்.

சாயங்காலம் வாசலில் பெற்றோர் பேச்சு இப்படி இருக்கும்:

"உங்களுது என்னங்க?"

"முளை. உங்களுது?"

"போன பருவமே செடி ஆயிடுச்சு."

"குடுத்து வெச்சவங்க. நான் எட்டு மாசமா தண்ணி ஊத்திட்டு நிக்கறேன், எங்களுது தலையை வெளியே நீட்ட மாட்டேங்குது."

பணம் கட்ட மூன்று வழி. வருஷம் முழுவதற்கும் மொத்தமாகக் கட்டலாம், கொஞ்சம் தள்ளுபடி. பருவத்துக்கு ஒரு தடவை கட்டலாம். மாதாமாதமும் கட்டலாம். மாதக் கட்டணக்காரர்களுக்குத் தனி வரிசை, தனி நாள். ஆபீஸில் அவர்களை 'மாசம்' என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு மாசம் வெளியே நிக்குது, உள்ளே விடு" என்று ஒருநாள் என் காதாலேயே கேட்டேன். எங்கள் பிள்ளையும் அங்கேதான் படித்தது; நாங்கள் பருவம்.

அந்த வருஷம் நாலாவதாக ஒரு வழி வந்தது. பெயர் 'வளர்ச்சி உறுதித் திட்டம்'. வருஷக் கட்டணத்துக்கு மேல் இன்னொரு கால்பங்கு சேர்த்து முதலிலேயே கட்டிவிட வேண்டும். வருஷக் கடைசிக்குள் குழந்தை ஒரு படியாவது ஏறாவிட்டால், கட்டியதில் பாதி திரும்பி வரும். பள்ளியின் தாளாளர் கூட்டம் போட்டு இதை அறிவித்தார். நல்ல வெள்ளைக் கை அவருக்கு. எப்போதும் ஏதோ களிம்பு தடவி மினுமினுக்கும். கை கொடுத்தால் நம் கையிலும் அந்த வழவழப்பு ஒட்டிக்கொள்ளும். "நாம எல்லாம் ஒரே குடும்பம். உங்க குழந்தை வளரலைன்னா அது எங்க தோல்வி. அதுக்கு நாங்களே அபராதம் கட்டறோம்" என்றார். கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் திட்டத்தின் கையேட்டை இந்த நாட்டு மொழியில் படித்தபோது எனக்கும் வெல்வெட்டைத் தடவுவதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து கணவருக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை ஏறவில்லையென்றால் பணம் வாபஸ் என்று என் வாயால் சொன்னபோது ஆட்டுச்சந்தை பேசுகிற மாதிரி இருந்தது. "பொறுத்துப் பார்ப்போம்" என்றார் அவர். பணம் இல்லாததும் ஒரு காரணம்.

வாய்தாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. அவள் அந்தத் திட்டத்தை மனதார நம்பி விற்றாள். "மிக்ஸிக்குக் கேரண்டி தரான், பேனுக்குத் தரான். பிள்ளைக்கு எவன் தரான் சொல்லுங்க? எங்க ஸ்கூல் தருது" என்று ஓட்டை வழியாகச் சொல்லுவாள். வருகிறவர்களுக்கும் அது சரியென்று படும். கடைசியில் தன் பெண்ணையும் அதிலேயே சேர்த்துவிட்டாள். கணவர் பழைய வண்டியை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கட்டினாள். மொத்தமாகக் கட்டினால் ஊழியர் சலுகையும் உண்டு என்பது இன்னொரு சபலம்.

பள்ளி திறந்த மூன்றாவது வாரம் தொடக்க மதிப்பீடு வைத்தார்கள். சிட்டு விதை என்று வந்தது.

போன வருஷம் அது செடி. வாய்தா அட்டையைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் போட்டாள். "பாருங்கக்கா. லீவு விட்ட ரெண்டு மாசத்துல எல்லாத்தையும் தின்னு ஏப்பம் விட்டிருக்கா."

"ஏதாவது தப்பா இருக்கும். டீச்சரைக் கேட்டியா?"

"அங்க எதுக்குக்கா தப்பா போடப் போறாங்க? ஏறலைன்னா அவங்கதானே பணம் திருப்பித் தரணும்? குறைச்சுப் போட்டா அவங்களுக்கென்ன லாபம்?"

பணம் வாங்கி ரசீது கொடுத்தே பழகினவள் அவள். அவளைப் பொறுத்தவரை அச்சடித்த தாளில் வந்தால் அது உண்மை. கதைப் புத்தகங்களையெல்லாம் அள்ளிப் பரண்மேல் போட்டாள். எழுத்து மேல் எழுத்து எழுதும் தாள்களை வாங்கிவந்தாள். புள்ளி புள்ளியாக அச்சடித்த எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டுவது. சாயங்காலமானால் கீழேயிருந்து அவள் குரல் தரையைத் துளைத்துக்கொண்டு வரும். "கோட்டுக்கு வெளியே போகாதேடி! ஆபீஸ்ல நான் தலை நிமிர்ந்து உக்கார வேணாமா?"

சிட்டுவின் குரல் மட்டும் வராது. அதுதான் என்னை என்னவோ செய்தது. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. மாடிப்படியில் என்னோடு ஏறும்போது அந்தத் தீ விபத்து அறிவிப்பைத் தாண்டிக்கொண்டு பேசாமல் போனது குழந்தை.

"என்னடி, இன்னைக்கு இதைப் படிக்கலையா? தீப்பிடிச்சா நான் எந்தப் பக்கம் ஓடறதுன்னு மறந்துபோச்சே."

"நான் விதை ஆண்ட்டி."

"விதைன்னா?"

"விதைங்க படிக்காது. மண்ணுக்குள்ள இருக்கும்." சிரிக்காமல் சொன்னது. "மரம் மேசைக்காரங்கதான் படிக்கணும். நான் அன்னைக்கு அவங்க புத்தகத்தை எடுத்தேன். டீச்சர் வாங்கி வெச்சுட்டாங்க."

என் பயங்கள் பெரும்பாலும் வீண் பயங்கள். இது வீண் இல்லை என்று உள்ளே எதுவோ சொன்னது.

அந்த வாரம் எனக்கு இருமல். ஒரு புது மருந்து வாங்கியிருந்தேன். வாய்தா வேலையிலிருந்து வரும்வரை சிட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கும். "கண்ணு, என் கண்ணாடியைக் காணோம். இந்தச் சீட்டுல எத்தனை வேளைன்னு போட்டிருக்கான், பார்த்துச் சொல்றியா?" என்று மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை நீட்டினேன். கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. குழந்தை அதைப் பார்த்தது, வாசலையும் ஒரு தடவை பார்த்தது, பிறகு தாளைப் பிரித்தது.

எத்தனை வேளை என்பதோடு நிற்கவில்லை. இரண்டு மாதம் அடைத்துவைத்தது மொத்தமும் கொட்டியது. யார் சாப்பிடக் கூடாது, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று வரிவரியாகப் போய், பக்க விளைவுகளுக்கு வந்தபோது குரலில் ஒரு கும்மாளமே வந்துவிட்டது. "தலைசுற்றல், வாந்தி, தோலில் தடிப்பு, அரிதாக மூச்சுத் திணறல்!" அதன் பிறகு அந்த மருந்தை நான் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

வாசலில் வாய்தா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. சாவிக்கொத்தைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது.

"இது... மனப்பாடமா?"

"மருந்துச் சீட்டை யாருடி மனப்பாடம் பண்ணுவா? காலையிலதான் வாங்கினேன்."

சிட்டு தாளைப் படக்கென்று மடித்துப் பெட்டிக்குள் திணித்தது. "நான் சும்மா பார்த்தேம்மா. படிக்கலை" என்றது.

மறுநாள் வாய்தா வகுப்பு டீச்சரிடம் போனாள். அங்கே நடந்ததை மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

டீச்சர் சின்னப் பெண். சுவரில் ஒட்டுவதற்காகப் பச்சைக் காகிதத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாளாம், "சிட்டு உறுதித் திட்டம்தானே?"

"ஆமா."

"அப்போ விதைதானே வரும்?"

"புரியலை டீச்சர்."

"திட்டத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் தொடக்கத்துல நாலாம் வகுப்புக் கேள்வித்தாள் குடுக்கச் சொல்லியிருக்காங்க. தெரியாததைக் கேட்டா விதைதான் வரும். வருஷக் கடைசில மூணாம் வகுப்புத் தாள். தன்னால ஏறிடும். நீங்க ஒண்ணும் கவலைப்பட வேணாம்."

"நடுவுல?"

"நடுவுல விதை மேசைதான். எழுத்து மேல எழுத்து. மேல சொல்லிக் குடுத்து நடுவருஷத்துலேயே ஏறிட்டா, கடைசில ஏத்திக் காட்ட ஒண்ணும் இருக்காதுன்னு எங்களைத் திட்டுவாங்க." அப்போதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாளாம். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேங்க. நீங்கதானே விக்கறீங்க?"

வாய்தா ஈரத்துணியை உதறாமல் அப்படியே கையில் வைத்திருந்தாள். தண்ணீர் அவள் காலில் சொட்டியது. "அந்த ஓட்டை வழியா வந்த பணத்தை வாங்கி வாங்கிப் போட்டேன்க்கா. அது உள்ளே போய் என்ன பண்ணுதுன்னு ஒரு நாள் திரும்பிப் பார்க்கலை. எத்தனை பேருகிட்ட மிக்ஸி, பேன்னு பேசியிருப்பேன். த்தூ!" மாடிச் சுவருக்கு வெளியே நிஜமாகவே துப்பினாள். "நான் கெட்டது போகட்டும். படிக்கிற குழந்தையைத் திட்டித் திட்டிப் படிக்காம ஆக்கிட்டேனே. அவங்க பகல்ல புதைச்சதை நான் ராத்திரில மண்ணு தள்ளி மூடியிருக்கேன்."

டீச்சரைப் பார்த்த அன்று மத்தியானமே தாளாளர் அறைக்கும் போயிருந்தாள். அவர் நாற்காலி போடச் சொன்னார், குடிக்க ஏதாவது வேண்டுமா என்றார், குடும்பம் என்றார். ஒளித்துப் பேச வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருப்பது அதுதான்.

"குழந்தை எங்கேம்மா போறா? வருஷக் கடைசில ஏறிடப் போறா. உங்களுக்கும் சந்தோஷம், எங்களுக்கும் நல்ல பேரு."

"இப்பவே ஏத்துங்க சார். அவ நல்லாப் படிக்கிறா."

"இப்பவே மரத்துல ஏத்தி விட்டுட்டா அப்புறம் எங்கே ஏத்தறது? அதுக்கு மேல ஆகாசம்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். "தப்பா எடுத்துக்காதீங்க. பெத்தவங்களுக்கு என்ன வேணும்? குழந்தை ஏறுறதைப் பார்க்கணும். முதல் நாளே உச்சியில இருக்கிற குழந்தையை வெச்சுக்கிட்டு அவங்க என்னத்தைப் பார்ப்பாங்க?"

"அப்போ என் பொண்ணைத் திட்டத்துலேருந்து எடுத்துடுங்க. மாசக் கட்டணம் போட்டுக்கறேன்."

அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு போயிற்று. "மாசமா? யோசிச்சுக்கோங்க. நடுவுல விலகினா பாதிதான் திரும்பி வரும். ஸ்டாஃப் சலுகையும் மாசத்துக்குக் கிடையாது. விதிமுறையை நான் மாத்த முடியாதே."

"விதிமுறை எனக்குத் தெரியும் சார். நான்தானே எல்லாருக்கும் படிச்சுக் காட்டறேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் முதலில், "நான்தான் ஜனங்களை ஏத்தி இறக்கிப் பிழைக்கறேன்னு நினைச்சேன்" என்றார். பிறகு கீழே போய் வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில், "வண்டி இன்னும் ஒரு வருஷம் இருமிக்கிட்டே ஓடும். குழந்தையை வெளியே எடு" என்றார்.

கட்டண மாற்றம் எதுவானாலும் கவுண்ட்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்பது விதி. தன் நாற்காலியில் இன்னொரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு, கதவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, மாதக்காரர்கள் வரிசையில் நின்றாள் வாய்தா. அவள் முறை வந்தபோது குனிந்தாள். "இத்தனை வருஷத்துல முதல் தடவைக்கா. முதுகு சுள்ளுன்னுது. கண்ணைத் தூக்கினா எதிரே அந்த மரம் பல்லை இளிக்குது. தினம் என் முதுகுக்குப் பின்னாடிதான் இருந்திருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே பணம் குடுத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

திட்டம் மாறியதால் அடுத்த திங்கட்கிழமை சிட்டுவுக்கு மறுமதிப்பீடு. இந்தத் தடவை மூன்றாம் வகுப்புத் தாள். புதன்கிழமை அட்டை வந்தது. மரம்.

யாரும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. குழந்தையின் பையை எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்தார்கள், அவ்வளவுதான். பரண்மேலிருந்த புத்தகங்களை அன்றைக்கே இறக்கித் துடைத்து அடுக்கினாள் வாய்தா. சிட்டு அவற்றின் முதுகை விரலால் தடவிப் பார்த்தது. எடுக்கவில்லை. "எடுத்துக்கோடி, உன்னுதுதானே" என்றாள் அம்மா. "அப்புறம் எடுத்துக்கறேம்மா" என்றது. விருந்தாளி வீட்டில் பேசுகிற மாதிரி.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். ஒரு மாதம் கழித்து வாய்தாவின் கவுண்ட்டருக்கு ஒரு கட்டு வந்து இறங்கியது. உறுதித் திட்டத்தின் புதுக் கையேடு, பளபளவென்று. முகப்பில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கும் சிட்டுவின் படம். எப்போது எடுத்தார்களோ. மேலே கொட்டை எழுத்தில், 'ஒரே வாரத்தில் விதையிலிருந்து மரம்!'

அதைத்தான் அவள் தன் கையாலேயே வருகிற ஒவ்வொருவருக்கும் ஓட்டை வழியாக நீட்ட வேண்டும்.

தாளாளரிடம் போனாள். "அதுல பொய் எதும்மா? விதையா இருந்தாளா, இருந்தா. மரமானாளா, ஆனா. நீங்க பெருமைப்படணும்" என்றார். சேர்க்கையின்போது எல்லாரும் போட்ட கையெழுத்தில் படம் எடுத்துப் போட்டுக்கொள்ளும் அனுமதியும் இருந்தது. நானும் போட்டிருக்கிறேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அன்று என் வீட்டில் வந்து குதித்தாள். விட்டால் மாதக் கட்டணத்துக்கு எங்கே போவது என்ற கணக்கு குதித்து முடிப்பதற்குள்ளேயே வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஒருவர் வந்தார். இடுப்பில் தூங்கும் பையன். கையேட்டைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பொண்ணு மாதிரி எங்க பையனும் வரணும். இந்தத் திட்டத்துல போட்டுடுங்க. கடன் வாங்கியாவது கட்டிடறேன்."

திட்டத்தைக் குறைத்துப் பேசினால் வேலை போகும். அது எழுதாத விதி. வாய்தா அந்தப் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு மாசக் கட்டணம்ங்க" என்றாள்.

"என்னது?"

"இந்தப் பொண்ணு மரமானப்போ மாசக் கட்டணத்துல இருந்தா. எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் கையேட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "அப்போ எங்களுக்கும் அதையே போடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவள் அதை மட்டும்தான் சொன்னாள். கூட ஒரு வார்த்தை கிடையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் மாதத்துக்கு மாறினார்கள். மீதிப் பேர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மாதக்காரர்களின் வரிசையையும் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, திட்டத்திலேயே கட்டினார்கள். அவர்களின் பிள்ளைகள் கழிவறைக் கதவோரம் போய் உட்கார்ந்தன. தாளாளர் கணக்கைப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் மாதக் கட்டண முறை நிறுத்தப்படுகிறது, பெற்றோரின் வசதிக்காக, என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பெற்றோரின் வசதிக்காக! அதைப் படித்தபோது நான் நின்ற இடத்தில் அந்தப் பழ வாசனை மூக்கில் ஏறியது; முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் வாய்தாவும் சிட்டுவும் கடைக்குப் போகப் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எதிர்ச் சுவரில் அதே படம், ஆள் உயரத்துக்கு. குழந்தை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது.

"படிக்கலாமா?"

"படிடி. என்னைக் கேட்கணுமா?"

மெல்லிய குரலில் படித்தது. படித்துவிட்டுக் கேட்டது. "நான் முன்னாடி மக்கா இருந்தேனாம்மா?"

"இல்லடி கண்ணு. நீ எப்பவும் இப்படித்தான் இருந்தே. அம்மா தப்பான கட்டணம் கட்டிட்டேன். அவ்வளவுதான்."

சிட்டு அதை நன்றாக யோசித்தது. நெற்றி சுருங்கியது.

"அடுத்த மாசம் கட்ட மறந்துட்டா மறுபடியும் விதை ஆயிடுவேனா?"

"ஆக மாட்டேடி" என்றாள் வாய்தா. ஊருக்கெல்லாம் நாலு நாள் தள்ளிக் கொடுத்தவள் அவள். அந்தக் குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. எனக்குக் கேட்டது. குழந்தைக்கும் கேட்டிருக்கும்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்து, பழக்கத்தில், சிட்டுவின் கையிலேயே கொடுத்தார். "படிம்மா, இன்னைக்கு என்ன போட்டிருக்கு?" என்றார். குழந்தை டிக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. நாலாக மடித்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடியது.

"பத்திரமா வெச்சுக்கோம்மா. கேட்டா காட்டணும்."